நுரையீரலில் ஒரு புள்ளியைத் தேடிய கதை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் இப்போது ஒரு புதுச் சொல் அடிபடுகிறது. "ஸ்கேன்ல நாட்யூல்னு எழுதியிருக்காங்க சார்" என்கிறார்கள். கொரோனா காலத்தில் பலருக்கு நெஞ்சு ஸ்கேன் எடுத்தார்கள். தேடியது ஒன்று, கண்ணில் பட்டது வேறொன்று என்று சிலருக்கு இந்தச் சிறு முடிச்சு தெரியவந்தது. ரிப்போர்ட்டில் 6 மி.மீ., 8 மி.மீ. என்று அளவும் இருக்கும். மிளகைவிடக் கொஞ்சம் பெரிது, கொண்டைக்கடலையைவிடக் கொஞ்சம் சிறிது.

3 செ.மீ. வரை உள்ள உருண்டையான புள்ளியை டாக்டர்கள் நாட்யூல் என்கிறார்கள். அதற்கு மேல் போனால் அது கட்டி. இவற்றில் பெரும்பாலானவை தீங்கில்லாதவை. ஒரு சிலவற்றை மட்டும் எடுத்துப் பார்க்க வேண்டிவரும். அப்போது எழுவதுதான் இந்தக் கட்டுரைக்குரிய கேள்வி. படத்தில் புள்ளி தெரிகிறது, சரி. நெஞ்சுக்குள் கத்தியுடன் நுழையும் டாக்டர் அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்?

அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தச் சங்கடம் உடனே புரியும். பதிவேட்டில் கோப்பின் எண் இருக்கும். பதிவறைக்குள் போனால் கட்டு கைக்கு அகப்படாது. இருக்கிறது என்று அறிவது ஒரு வேலை, எடுத்துக் கொடுப்பது இன்னொரு வேலை. நுரையீரல் வைத்தியத்தின் வரலாறு முழுவதும் இந்த இரண்டு வேலைகளுக்கும் இடையே நடந்த ஓட்டப்பந்தயம்தான்.

விரலும் காதும்

நெஞ்சுக்கூட்டைத் திறக்காமல் உள்ளே நோய் எங்கே என்று அறிய முதலில் வழி சொன்னவர் ஆஸ்திரியாவின் லியோபோல்ட் ஆவென்பிருக்கர். அவருடைய தகப்பனார் சத்திரம் நடத்தியவர். பீப்பாயைத் தட்டிப் பார்த்து உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று சொல்வது அந்தத் தொழிலில் வழக்கம். மகன் அதே மாதிரி நோயாளியின் நெஞ்சை விரலால் தட்டிப் பார்த்தார். காற்றிருக்கும் இடத்தில் ஒரு ஒலி, நீர் கோத்த இடத்தில் வேறொரு ஒலி. 1761-ல் வியன்னாவில் லத்தீன் மொழியில் சின்னப் புத்தகமாக இதை வெளியிட்டார். அதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

நெப்போலியனின் மருத்துவர் கோர்விசார் அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து 1808-ல் வெளியிட்டார். பெருமையைத் தான் வைத்துக்கொள்ளாமல் மூல ஆசிரியருக்கே கொடுத்தார். அடுத்த ஆண்டு ஆவென்பிருக்கர் காலமானார். கோர்விசாரின் மாணவர் லயனெக், 1816-ல் பாரிஸ் நெக்கர் மருத்துவமனையில் ஒரு பெண் நோயாளியின் மார்பில் காதை வைத்துக் கேட்கக் கூச்சப்பட்டு, காகிதத்தைக் குழலாகச் சுருட்டி அதன் வழியே கேட்டார். நேரடியாகக் கேட்பதைவிடத் தெளிவாகக் கேட்டது. பிறகு அதை மரத்தில் செய்துகொண்டார். 1819-ல் அவருடைய பெரிய நூல் வந்தது.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்கள் காலத்துப் பிள்ளைகளுக்கு லயனெக் பழக்கமான பெயர். ஆனால் அவர் வைத்த பெயரின் பொருளை நான் யோசித்துப் பார்த்தது மிகப் பிற்பாடுதான். ஸ்டெதஸ்கோப் என்றால் கிரேக்கத்தில் நெஞ்சைப் பார்க்கும் கருவி. காதால் கேட்பதற்கு உண்டான கருவிக்குப் பார்க்கும் கருவி என்று பெயர் வைத்திருக்கிறார்! கண்ணால் பார்க்க முடியாத ஏக்கம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. நுரையீரல் காசநோயைக் காதால் படித்துக் காட்டிய அவரே அந்த நோயால் 1826-ல், 45 வயதில் இறந்தார்.

தட்டியும் கேட்டும் அறியக்கூடியது பெரிய சங்கதிகளை மட்டும்தான். நீர் கோத்தல், சளி கட்டுதல், குழி விழுதல். கொண்டைக்கடலை அளவு முடிச்சு காதுக்கு எட்டாது.

ஒளி வந்த பிறகு

1895 நவம்பர் 8 அன்று ரான்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டார். சில ஆண்டுகளிலேயே அது உலகம் முழுக்கப் பரவிவிட்டது. சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் கேப்டன் பார்னார்டின் பெயரில் 1934-ல் திறக்கப்பட்ட கதிரியக்க நிலையம் இன்றும் இருக்கிறது.

எக்ஸ்ரே வந்ததும் நெஞ்சு வைத்தியமே மாறியது. ஆனால் அது தட்டையான படம். முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். விலா எலும்பும் இருதயமும் பலவற்றை மறைக்கும். 1 செ.மீ.க்குக் குறைந்த புள்ளி பெரும்பாலும் கண்ணுக்குத் தப்பிவிடும்.

எக்ஸ்ரேயை வைத்து நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் உலகமே கவனித்த ஒரு காரியம் நடந்தது. இளைய தலைமுறைக்கு இது தெரியாது. காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசி பெரியவர்களைக் காக்கிறதா என்று அறிய 1968 முதல் 1971 வரை ஒரு மாபெரும் ஆய்வுக்கு ஆள் சேர்த்தார்கள். அன்றைக்குத் திருவள்ளூர் நம் மாவட்டத்தில்தான் இருந்தது. அந்தப் பக்கத்துக் கிராமங்களிலும் ஊர்களிலும் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பதிவு செய்தார்கள். பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சிறிய பிலிமில் நெஞ்சுப் படம் எடுத்தார்கள். படத்தில் நிழல் தெரிந்தால் சளியைப் பரிசோதித்தார்கள். போட்ட ஊசியில் ஒரு வகை டென்மார்க்குடையது, இன்னொன்று பாரிஸுடையது. பி.சி.ஜி. என்பதில் உள்ள சி-யும் ஜி-யும் கல்மெத், கெரேன் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்களின் பெயர்கள்தான்.

முடிவு எல்லோரையும் திடுக்கிடச் செய்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று 1979-ல் தெரிந்தது. பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த பிறகும் அதே முடிவுதான். குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோய் வகைகளிலிருந்து அது பாதுகாப்புத் தருவதால் இன்றும் பிறந்தவுடன் போடுகிறார்கள்.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தத் தலைமுறையில் நம் பக்கத்தில் காசநோய்க் கிருமி தொடாத நெஞ்சு குறைவு. கிருமி வந்து, உடம்பு அதை அடக்கி, தழும்பாக விட்டுவிட்டுப் போன புள்ளிகள் இன்று ஸ்கேனில் நாட்யூல் என்று வருகின்றன. இதைக் கடைசியில் மறுபடி பார்ப்போம்.

கை உள்ளே போனது

இனி அறுவைச் சிகிச்சை. நெஞ்சைத் திறந்தால் வெளிக்காற்று புகுந்து நுரையீரல் சுருங்கிவிடும். அதனால் வெகுகாலம் யாரும் அங்கே கை வைக்கத் துணியவில்லை. இத்தாலியில் ஃபோர்லனினி அந்தச் சுருக்கத்தையே வைத்தியமாக்கினார். காசநோய் பிடித்த நுரையீரலைச் சுற்றி ஊசியால் காற்றை ஏற்றி, அதைச் சுருக்கி ஓய்வு கொடுப்பது அவர் முறை.

சில பேருக்கு நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டிக்கொண்டு சுருங்க மறுத்தது. ஸ்டாக்ஹோமில் யாக்கோபேயஸ் என்ற மருத்துவர் 1910-ல், மூத்திரப்பையைப் பார்க்க வைத்திருந்த குழாய்க் கருவியை விலா இடுக்கு வழியே நெஞ்சுக்குள் விட்டுப் பார்த்தார். 1913 முதல் ஒட்டியிருந்த இழைகளை அதே வழியில் சுட்டு அறுத்தார். இன்றைய சாவித்துவார நெஞ்சு அறுவைக்கு அவர்தான் பாட்டனார்.

நம் பக்கத்தில் டாக்டர் டேவிட் சவுரிமுத்து 1928-ல் தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியம், 1937-ல் அரசின் கைக்கு வந்தது. ரயில் நிலையத்தின் பெயரே இன்னும் அதுதான். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ரீவ் பெட்ஸ் நெஞ்சு அறுவைத் துறையைத் தொடங்கி நம் நாட்டு மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். மாத்திரைகள் வந்தபின் காசநோய்க்கு அறுவை தேவைப்படுவது குறைந்தது. சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய ஆய்வு மையம், மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வீட்டிலேயே இருந்தாலும் சானடோரியத்துக்கு ஈடாகக் குணமாகும் என்று 1959-ல் நிரூபித்தது. யாக்கோபேயஸின் குழாயும் ஏறத்தாழ மறக்கப்பட்டது.

அந்த இடத்தைப் புற்றுநோய் பிடித்துக்கொண்டது. 1933 ஏப்ரலில் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் எவர்ட்ஸ் கிரஹாம் என்ற அறுவை மருத்துவர், புற்றுநோய் வந்த ஒருவருடைய இடது நுரையீரல் முழுவதையும் ஒரே மூச்சில் எடுத்தார். நோயாளியும் ஒரு டாக்டர்தான். அவர் பிழைத்து, தமக்கு அறுவை செய்தவரையும் தாண்டி வாழ்ந்தார். கிரஹாம் நெடுநாள் புகைபிடித்தவர். 1957-ல் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார்.

முழு நுரையீரலையும் எடுக்கும்போது நோய் அதில் எந்த மூலையில் இருக்கிறது என்ற கேள்வியே இல்லை. பிறகு முழுதும் வேண்டாம், நோய் உள்ள மடலை மட்டும் எடுத்தால் போதும் என்றானது. வலப்பக்கம் மூன்று மடல், இடப்பக்கம் இரண்டு. அப்போதும் நெஞ்சை அகலத் திறந்து, விலாவை விரித்து, கையை உள்ளே விட்டு நுரையீரலை இரண்டு விரலுக்கு நடுவே நெருடிப் பார்ப்பார்கள். பஞ்சுக்குள் கடலை மாதிரி கட்டி தட்டுப்படும். படம் வழி காட்டியது, விரல் இடம் காட்டியது. அறுபது வருஷம் இப்படியே ஓடியது.

விரல் போய்விட்டது

இரண்டு மாற்றங்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்தன. முதலாவது சி.டி. ஸ்கேன். ஹவுன்ஸ்ஃபீல்ட் செய்த கருவியில் 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் அருகே முதல் நோயாளியின் மூளையைப் படம் எடுத்தார்கள். 1979-ல் அவருக்கும் கோர்மக் என்ற விஞ்ஞானிக்கும் நோபல் பரிசு. 1990 வாக்கில் ஒரே மூச்சுப் பிடித்தலில் நெஞ்சு முழுவதையும் சுற்றி எடுக்கும் கருவிகள் வந்துவிட்டன. சில மில்லிமீட்டர் புள்ளியும் அதில் தப்பாது.

இரண்டாவது, வீடியோ கேமரா. 1990-களின் தொடக்கத்தில் யாக்கோபேயஸின் பழைய வழி புதிய கண்ணோடு திரும்பி வந்தது. விலாவை விரிக்க வேண்டாம். இரண்டு மூன்று சிறு துளைகள் போதும். வலி குறைவு, சீக்கிரம் வீடு திரும்பலாம். வயதானவர்களுக்கு இது பெரிய வரம்.

ஆனால் இந்த இரண்டும் சேர்ந்தபோது ஒரு சிக்கல் முளைத்தது. ஸ்கேன் முன்னைவிடச் சிறிய புள்ளியைக் காட்டுகிறது. சாவித்துவாரமோ அதைத் தொட்டுப் பார்த்த விரலைப் பறித்துவிட்டது. நீண்ட கருவியின் முனையில் கடலை தட்டுப்படாது. சில புள்ளிகள் கெட்டியாகவே இருக்காது. குளியலறை ஜன்னலின் மங்கல் கண்ணாடி போல ஸ்கேனில் தெரியும் அவை, விரலுக்கே அகப்படாதவை. 10 மி.மீ. அல்லது அதற்கும் குறைந்த முடிச்சு, நுரையீரலின் மேற்பரப்பிலிருந்து 5 மி.மீ.க்கு மேல் ஆழத்தில் இருந்தால், கேமரா அறுவையில் அதைக் காணாமல் போகும் வாய்ப்பு பாதிக்கும் மேல் என்று ஜப்பானிய மருத்துவர்கள் 1999-ல் எழுதினார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்கேன் எடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்கிறார்கள். நுரையீரல் உப்பியிருக்கும். அறுவையின்போது மயக்க மருந்து டாக்டர் இரட்டைக் குழாய் ஒன்றை மூச்சுக்குழாயில் வைத்து, ஒரு பக்கத்துக்கு மட்டும் காற்று கொடுப்பார். அறுக்க வேண்டிய பக்கம் காற்றுப் போன பலூன் போலச் சுருங்கும். அப்போதுதான் கருவியை நுழைக்க இடம் கிடைக்கும். உப்பிய நுரையீரலில் நாலாவது விலாவுக்கு நேரே தெரிந்த புள்ளி, சுருங்கியதில் எங்கே போயிருக்கும்?

நம் கடற்கரைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கடலுக்கடியில் உள்ள பாறையைக் கண்டுபிடிக்க நம் மீனவர்கள் கரையைப் பார்த்து அடையாளம் வைப்பார்கள். மாமல்லபுரம் கலங்கரை விளக்கம் ஒரு பக்கம், சவுக்குத் தோப்பு ஒரு பக்கம். இப்போது ஜி.பி.எஸ். கருவியும் இருக்கிறது. பாறை நகராது, ஆகவே கரை அடையாளம் போதும். போட்ட வலை அப்படி இல்லை, நீரோட்டத்தில் நகரும். அதற்குக் கரையில் அடையாளம் வைத்துப் பயன் இல்லை, வலையிலேயே மிதவையைக் கட்ட வேண்டும். விலா எலும்பு கரை என்றால் நுரையீரல் வலை. அடையாளத்தை நுரையீரலிலேயே கட்டியாக வேண்டும். கடந்த முப்பது ஆண்டுகளாக டாக்டர்கள் தேடியது அந்த மிதவையைத்தான்.

மிதவைகள்

முதல் மிதவை கம்பி. மார்பகத்தில் கைக்குத் தட்டுப்படாத சிறு கட்டிகளுக்கு ஏற்கெனவே பயன்பட்ட முறை அது. அறுவைக்குச் சற்று முன் நோயாளியை ஸ்கேன் மேசையில் படுக்கவைத்து, தோலை மரத்துப்போகச் செய்து, விலா இடுக்கு வழியே ஊசியைச் செலுத்துவார்கள். முனை முடிச்சின் அருகே போய்விட்டதா என்று ஸ்கேனில் பார்த்துவிட்டு, ஊசிக்குள்ளிருந்து மெல்லிய கம்பியை விடுவார்கள். அதன் நுனி தூண்டில் முள் போல விரிந்து பிடித்துக்கொள்ளும். பிறகு நோயாளியை அறுவை அரங்குக்குக் கொண்டுபோவார்கள். எளிய முறை, செலவும் குறைவு. ஆனால் நுரையீரல் சுருங்கும்போது சில சமயம் கம்பி நழுவிவிடும். ஊசி குத்திய இடத்தில் கொஞ்சம் காற்றோ ரத்தமோ கசியலாம். மிக அரிதாகக் காற்றுக்குமிழி ரத்தக்குழாயில் புகுந்தால் அது ஆபத்து. ஊசி போட்டபின் அறுவை அரங்குக்குப் போகும் நேரத்தை டாக்டர்கள் குறைக்கப் பார்ப்பது இதனால்தான்.

இரண்டாவது சாயம். மெத்திலீன் ப்ளூ என்ற நீலத்தை முடிச்சின் அருகே ஊசியால் விட்டால் நுரையீரல் மேல் நீலப்பொட்டு தெரியும். அது சீக்கிரம் பரவி மங்கிவிடும். புகைபிடித்தவர்கள், விறகடுப்புப் புகையிலேயே காலம் கழித்தவர்களின் நுரையீரல் கரி படிந்து கருத்திருக்கும். கருப்பில் நீலத்தைத் தேடுவது கஷ்டம்.

மூன்றாவது, மயிரிழை போன்ற பிளாட்டினச் சுருள். அறுவை அரங்கில் நகரும் எக்ஸ்ரே கருவியில் அது பளிச்சென்று தெரியும். சுருளோடு சேர்த்து அந்தப் பகுதியை வெட்டி எடுப்பார்கள்.

நான்காவது லிப்பியோடால். இதன் கதை எனக்குப் பிடித்தமானது. பாரிஸில் மருந்தியல் பேராசிரியராக இருந்த கெர்பே 1901-ல் கசகசா எண்ணெயில் அயோடினைச் சேர்த்து ஒரு மருந்து செய்தார். இருபது வருஷம் கழித்து சிக்கார், ஃபொரெஸ்தியே என்ற இரு மருத்துவர்கள், இந்த எண்ணெய் எக்ஸ்ரேயை மறைத்துப் படத்தில் தெளிவாகத் தெரிகிறது என்று கவனித்தார்கள். மூச்சுக்குழாயில் அதை விட்டுப் படம் எடுத்தால், தலைகீழாக நிற்கும் மரம்போல நுரையீரலின் கிளைகள் எல்லாம் தெரிந்தன. பல பத்தாண்டுகள் அதுதான் நுரையீரல் கிளைகளின் வரைபடம். சி.டி. வந்ததும் அந்த வேலை போயிற்று. ஓய்வு பெற்றுவிட்டதோ என்று நினைத்த அந்த எண்ணெயை, சிறு முடிச்சின் அருகே ஒரு சொட்டு விட்டு அடையாளம் வைக்க மறுபடி கூப்பிட்டார்கள். நீலச்சாயம் போல அது உடனே பரவாது. இன்று குத்தி நாளை அறுக்கலாம்.

அண்மைக் காலத்தில் ஊசியே குத்தாத முறைகளும் வந்துள்ளன. ஜப்பானில், வாய் வழியே மூச்சுக்குழாய்க் கேமராவை விட்டு, நுரையீரலின் ஓரங்களில் பல இடங்களில் சாயப்பொட்டு வைக்கிறார்கள். பிறகு ஸ்கேன் எடுத்து, எந்தப் பொட்டுக்கும் எந்தப் பொட்டுக்கும் நடுவே முடிச்சு இருக்கிறது என்று கணக்குப் பண்ணுகிறார்கள். சர்வே கல் நட்டு நிலம் அளப்பது போலத்தான். இண்டோசயனின் கிரீன் என்ற பச்சைச் சாயம், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் தனிக் கேமராவில் ஒளிரும். அறுவை அரங்கிலேயே ஸ்கேன் கருவியை வைத்துக்கொள்ளும் பெரிய மருத்துவமனைகளும் உண்டு. எந்த முறையும் எல்லோருக்கும் பொருந்துவதில்லை. முடிச்சு எங்கே, எவ்வளவு ஆழம், அந்த டாக்டருக்குக் கைவந்த முறை எது என்பதைப் பொறுத்தது.

குறைவாக வெட்டுவதற்காக

இவ்வளவு பாடு எதற்கு? பேசாமல் மடலையே எடுத்துவிட்டால் என்ன என்று தோன்றலாம். பல காலம் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் எழுபது வயதில் நமக்கு மிச்சமிருக்கும் மூச்சு கொஞ்சம். எடுத்த பிறகு அது புற்றுநோய் இல்லை, பழைய காசநோய்த் தழும்பு என்று தெரிந்தால், இழந்த மடலை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

புற்றுநோயாகவே இருந்தாலும் நிலைமை மாறியிருக்கிறது. 2 செ.மீ.க்கு உட்பட்டு நுரையீரலின் ஓரப்பகுதியில் உள்ள புற்றுநோய்க்கு, மடலுக்குப் பதில் அதன் ஒரு கூறை மட்டும் எடுப்பது குறைந்தது அல்ல என்று ஜப்பானில் 1,106 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2022-ல் காட்டியது. அடுத்த ஆண்டு அமெரிக்க ஆய்வொன்றும் அதே பக்கம் பேசியது. 1933-ல் முழு நுரையீரல், பிறகு மடல், இப்போது மடலில் ஒரு கூறு. வெட்டும் அளவு குறையக் குறைய, இடத்தைத் துல்லியமாக அறிய வேண்டிய அவசியம் கூடுகிறது. மிதவை தேடியதன் பயன் இதுதான். நோயாளிக்கு மிஞ்சுவது அவருடைய மூச்சு.

பழைய படங்கள்

கடைசியாக, நம் வட்டாரத்துக்குரிய ஒரு விஷயம். நிறையப் புகைபிடித்த 53,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2011-ல் வந்தது. ஆண்டுதோறும் குறைந்த கதிர் ஸ்கேன் எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய்ச் சாவு 20 சதவீதம் குறைந்தது. அதே ஆய்வில், ஸ்கேனில் சந்தேகத்துக்கிடம் தந்தவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் புற்றுநோய் இல்லை என்பதும் தெரிந்தது. காசநோய் அதிகமில்லாத நாட்டிலேயே இப்படி. தழும்பு ஏராளமாக உள்ள நம் ஊரில் ரிப்போர்ட்டில் நாட்யூல் என்று பார்த்ததும் உயில் எழுத உட்கார வேண்டியதில்லை. அதற்காக ரிப்போர்ட்டைப் பரணில் போட்டுவிடவும் கூடாது.

தழும்பையும் புற்றையும் பிரித்துக் காட்டும் மலிவான சாட்சி பழைய படம்தான். கெட்டியான முடிச்சு இரண்டு வருஷமாக அளவு மாறாமல் இருந்தால், அது பெரும்பாலும் சாதுவானது என்று டாக்டர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஐந்து வருஷத்துக்கு முன் எடுத்த ஸ்கேனில் அதே முடிச்சு அதே அளவில் இருந்தால், ஊசியும் வேண்டாம், கத்தியும் வேண்டாம் என்று முடிய வாய்ப்புண்டு. பிலிமில் உள்ள வெள்ளிக்காகப் பழைய எக்ஸ்ரே படங்களைக் காசு கொடுத்து வாங்கிப்போகிறவர்கள் இருக்கிறார்கள். கொடுத்துவிடாதீர்கள். பிலிம், சி.டி. தட்டு, ரிப்போர்ட் எல்லாவற்றையும் தேதி எழுதி ஒரே உறையில் வையுங்கள். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவையுங்கள்.

அறுவைதான் வழி என்று டாக்டர் சொன்னால், இரண்டு கேள்விகள் கேட்கலாம். எவ்வளவு எடுக்கப் போகிறீர்கள்? அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கப் போகிறீர்கள்? நல்ல டாக்டர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். படத்தைத் திரையில் போட்டு விளக்குவார்.